கணிப்பொறிக்கும் ஒரு மாற்றுச் சான்றிதழ்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் நம்மில் எவரும் இந்தக் கல்லூரிக்குள் காலடி எடுத்து வைத்ததில்லை. நான் சேர்க்கைக்கு வந்த அன்று, எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு மாணவன் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். மதிப்பெண் பட்டியல் இருந்தது, சாதிச் சான்றிதழ் இருந்தது, பணமும் இருந்தது. ஆயினும் அலுவலக எழுத்தர், "பழைய இடத்திலிருந்து உன்னை விடுவித்த காகிதம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் முகம் வாடிப் போனதைப் பார்த்து நான் சிரித்தேன். ஒரு காகிதம் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று எண்ணிக்கொண்டேன். முழுகும் என்பதை ஒரகடத்தில் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் வாலாஜாபாத்துக்கு அருகில் உள்ளது. விடிவதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சாலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். சாப்பாட்டுத் தூக்கோடு ஏறும் அக்காமார்களையும் அண்ணன்மார்களையும் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் பிற்காலத்தில் இந்தப் பகுதியிலும் தொழிற்பேட்டைகளை அமைத்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலையும், 2012-இல் டெய்ம்லரின் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பயணம் செய்பவர்களின் கண்ணுக்குப் பெரிய வாயில்களும் கார் ஏற்றிய நெடிய டிரெய்லர்களும்தான் தெரியும். அவற்றை நம்பிப் பின்தெருக்களில் தகரக் கூரைக்குக் கீழே இயங்கும் சிறு பட்டறைகள் எத்தனையோ உண்டு.

அத்தகைய ஒரு பட்டறையில் என் தாய்மாமா ஃபிட்டராக வேலை பார்க்கிறார். அங்கே செய்வது ஜிக், ஃபிக்ஸ்சர் வேலை. அதாவது, ஓர் இரும்புத் துண்டில் நான்கு துளைகள் போட வேண்டும். ஆயிரம் துண்டுகளிலும் அவை மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்காகத் துண்டை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனம்தான் ஃபிக்ஸ்சர். முதலில் அதைக் கணிப்பொறியில் வரைய வேண்டும். வரைபடம் சரியென்று ஆர்டர் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் இரும்பில் கை வைப்பார்கள்.

வரைகிறவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் அவரை ‘டிசைன் அண்ணன்’ என்றே அழைப்பார்கள். ஐம்பதை நெருங்குகிற வயது. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து, வரைபலகையில் டி-ஸ்கொயர் பிடித்துத் தொடங்கியவர். சென்ற 2025 மே மாத விடுமுறையில் மாமா என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டார். "கம்ப்யூட்டர்தான் படிக்கிறான். கூடமாட இருக்கட்டும்" என்றார். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது பட்டறைக்குப் புதிய கணிப்பொறி ஒன்று வந்திறங்கியிருந்தது. பழையது விண்டோஸ் 10-இல் ஓடியது. அந்த விண்டோஸுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு இலவச ஆதரவு நின்றுவிடும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அந்தப் பழைய பெட்டிக்கு இல்லை. ஆகவே முதலாளி கடன் வாங்கிப் புதியதை வாங்கினார். வரைபட மென்பொருளுக்கும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டிப் புதிய பதிப்பு பெறும் உரிமையையும் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, நாளைக்கு உத்திரமேரூர்ல ஒரு கல்யாணம், போயிட்டு வரேன். திங்கட்கிழமை காலைல பத்து மணிக்குள்ள திருத்தின டிராயிங் போகணும். அது போகட்டும். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து புது மெஷினுக்கு மாத்திக்கலாம். அதுவரைக்கும் பழசைத் தொடாதே."

தொடாதே என்றால் தொடத் தோன்றும் வயது எனக்கு. அண்ணன் திரும்பி வரும்போது எல்லாம் மாறி, பளபளவென்று தயாராக இருக்க வேண்டும். ‘படித்த பையன் படித்த பையன்தான்’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசை.

சனிக்கிழமை காலை வேலையில் இறங்கினேன். வரைபடங்கள் அனைத்தையும் தனியொரு வட்டில் படியெடுத்து, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். பழைய கணிப்பொறியை ஸ்டோர்ஸ் கணக்குக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அதன் பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தி, விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். கழற்றிய வட்டையும் ‘ஃபார்மட்’ செய்து துடைத்து வைத்தேன். பிறகு புதிய கணிப்பொறியில் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவி, உறையின் மேல் இருந்த சீரியல் எண்ணைத் தட்டினேன். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த எண்ணுக்கு அனுமதித்த இடம் நிரம்பிவிட்டது என்றும், முன்பு இயக்கிய கணிப்பொறியில் உரிமத்தை விடுவித்துவிட்டு வரும்படியும் அது சொன்னது.

முன்பு இயக்கிய கணிப்பொறி எங்கே இருக்கிறது? அதை நானே அல்லவா அழித்துவிட்டேன்! பழைய பெட்டியிலாவது பழைய பதிப்பை மறுபடி ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினேன். வட்டு மாறிவிட்டதால் அந்தப் பெட்டியையும் யாரோ அந்நியன் என்றே மென்பொருள் கருதியது. டீலர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

நிற்க. இந்த உரிமம் எப்படி இயங்குகிறது என்பதை நம் நூலகச் சீட்டைக் கொண்டே விளக்கிவிடலாம். நூலகத்தில் நமக்கு ஒரு சீட்டு என்றால் ஒரு புத்தகம்தான். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. புத்தகத்தை வீட்டில் தொலைத்துவிட்டேன் என்பதற்காக நூலகப் பதிவேட்டில் அது திரும்பி வந்ததாக ஆகிவிடாது. வரைபட மென்பொருளும் அப்படியே. ஓர் எண்ணைக் கொடுத்து இயக்கும்போது, நம் கணிப்பொறியின் தாய்ப்பலகை, வட்டு, வலையட்டை போன்ற உறுப்புகளிலிருந்து ஓர் அடையாளத்தை எடுத்து, தயாரிப்பாளரின் பதிவேட்டில் ‘இன்ன எண் இன்ன பெட்டியில் இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். உறுப்புகள் பெரிதாக மாறினால் அடையாளமும் மாறிவிடும். பெட்டியை ஃபார்மட் செய்தாலும், உடைத்து எரித்தாலும், அந்தப் பதிவு அப்படியே நிற்கும். மென்பொருளுக்குள்ளேயே ‘டி-ஆக்டிவேட்’ என்றோ ‘உரிமத்தை மாற்று’ என்றோ ஒரு கட்டளை இருக்கும். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, இணைய இணைப்போடு அதை இயக்கினால் பதிவு நீங்கிவிடும். அதுதான் கணிப்பொறிக்கு நாம் வாங்கித் தர வேண்டிய மாற்றுச் சான்றிதழ். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நான் விட்டுவிட்டேன்.

அன்று மாலை, கணிப்பொறி பழுதுபார்க்கும் நண்பன் ஒருவனிடம் போனில் புலம்பினேன். "இதுக்கா அழறே? உரிமமே கேட்காத கிராக் போட்டுத் தரேன், அஞ்சு நிமிஷம்" என்றான் அவன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மனம் அதில் சாய்ந்தது. காரியம் முடியும், யாருக்கும் தெரியாது, என் குற்றமும் மறைந்து போகும். ஆனால் நம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்றொரு பிரிவு உண்டு. திருட்டுப் படி என்று தெரிந்தே கணிப்பொறி மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள்களுக்குக் குறையாமல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் கட்டி முறையாக வாங்கிய மனிதரை என் அவசரத்துக்காகத் திருடராக்குவதா? மாமாவிடம் பாதியை மறைத்துப் பாதியைச் சொல்லிப் பார்த்தேன். "திருட்டுச் சாவி போட்டுத் திறந்த வீட்டுல நிம்மதியா தூங்க முடியுமாடா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செய்தி எப்படியோ முதலாளிக்கு எட்டிவிட்டது. கணிப்பொறி வேலை செய்யவில்லை என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். கல்யாண வீட்டிலிருந்து அண்ணனை வரவழைத்தார். லேத் அருகில், எல்லோர் முன்னிலையிலும், "லைசென்ஸைப் பார்த்துக்கிறது உன் வேலைதானே? ஆர்டர் போச்சுன்னா பதினெட்டுக் குடும்பத்துக்கு நீ பதில் சொல்லுவியா?" என்று சத்தம் போட்டார். கல்யாணச் சட்டையோடு, நெற்றியில் சந்தனம் காயாமல், அண்ணன் தலைகுனிந்து நின்றார். நான் கதவோரம் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. மாமா என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் உடல் கூசுகிறது.

ஒரு மணி நேரம் அப்படியே கழிந்தது. அண்ணன் டிசைன் அறையில் இரண்டு கணிப்பொறிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், "அண்ணா, நான்தான்" என்றேன். மேற்கொண்டு பேச்சு வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. பிறகு இருவரும் முதலாளியிடம் போனோம். அவரிடமும் நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நாளைலேருந்து வர வேணாம்ப்பா" என்றார், அவ்வளவுதான். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன்தான், "சார், பண்ணினவனே சரி பண்ணட்டும். அப்புறம் அனுப்பிக்கலாம்" என்றார்.

அண்ணன் பீரோவைத் திறந்து, பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மென்பொருள் வாங்கிய தேதி, சீரியல் எண், பில் எண், எந்தப் பெட்டியில் எப்போது ஏற்றியது, ஒவ்வொரு முறை பதிப்பு மாறியபோதும் என்ன செய்தது என்று அத்தனையும் நீல மையில் இருந்தன. "நீ படிச்சவன் தம்பி. நான் எழுதி வைக்கிறவன்" என்று சிரித்தார். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். உரிமத்தைப் பதிவு செய்திருந்த மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்ட ஒரு வரைவாளரின் பேரில் இருந்தது. அந்த முகவரியே இப்போது இல்லை. உரிமம் நிறுவனத்துடையது; பதிவோ போய்விட்டவர் பேரில்!

இரவு பத்து மணிக்கு அண்ணன் சொல்லச் சொல்ல டீலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடியே எழுதினோம்: பழைய வட்டு அழிக்கப்பட்டுவிட்டது, உரிமத்தை விடுவிக்கவில்லை, தவறு எங்களுடையது, பழைய பதிவை நீக்கித் தர வேண்டும், பதிவு முகவரியை நிறுவனத்தின் பொது முகவரிக்கு மாற்ற வேண்டும். பில்லின் படத்தையும் திரையில் வந்த அறிவிப்பின் படத்தையும் இணைத்தோம். முதலாளியும் ஆர்டர் கொடுத்தவர்களை அழைத்து, காரணத்தை மறைக்காமல் சொல்லி, திங்கட்கிழமை மாலை நான்கு மணி வரை தவணை கேட்டார்.

திங்கட்கிழமை காலை பதிலுக்காகக் காத்திருந்தபோது அண்ணன் பழங்கதை சொன்னார். வரைபலகைக் காலத்தில் டி-ஸ்கொயர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. 1982-இல் ஆட்டோகேட் வெளிவந்தது. வரைபடம் மெல்ல மெல்லக் கணிப்பொறிக்கு மாறியது. பிறகு சில மென்பொருள்கள் ‘டாங்கிள்’ என்ற சிறு பூட்டோடு வந்தன. பிரிண்டர் செருகும் துளையில் அதைச் செருகினால்தான் வேலை செய்யும். அது தொலைந்தால் மென்பொருளும் போனது போலத்தான்; ஆகவே பணப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களாம். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, இணையம் வழியே ஆக்டிவேஷன் செய்யும் முறை சாதாரண மக்களுக்கும் அறிமுகமாயிற்று. 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் நிரந்தர உரிமங்களைப் புதிதாக விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறிக்கொண்டது. "பூட்டு மாறிக்கிட்டே வருது தம்பி. சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது மட்டும் மாறல" என்றார்.

பதினோரு மணிக்கு மேல் டீலர் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் அழைத்து, பில் எண்ணைச் சரிபார்த்தார். அரைமணி நேரத்தில் பழைய பதிவு நீங்கியது. புதிய கணிப்பொறி உயிர் பெற்றது. அண்ணன் திருத்தத்தை முடித்து இரண்டரை மணிக்கு அனுப்பினார். அத்தோடு முடிந்ததா? இல்லை. கோப்பு திறக்கவில்லை என்று அங்கிருந்து தொலைபேசி வந்தது. அவர்களிடம் இருந்தது பழைய பதிப்பு, எங்களுடையது புதியது. புதியதில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. உடனே எல்லா மென்பொருளும் படிக்கும் பொது வடிவமான ‘ஸ்டெப்’ கோப்பாகவும், பார்த்துப் படிக்க பி.டி.எஃப். ஆகவும் மாற்றி அனுப்பினோம். மணி மூன்று நாற்பது.

இது எங்கள் பட்டறைக்கு மட்டும் நேர்ந்த கூத்து என்று எண்ணிவிடாதீர்கள். உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380-க்கே இதைப் போன்ற சங்கடம் வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வரைந்தவர்கள் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்சின் துலூசில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பையும் வைத்திருந்தனர். ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மின்கம்பிகள். இரண்டு பதிப்புகளும் சரியாக ஒத்துப்போகாததால், பொருத்தும்போது கம்பிகள் எட்டவில்லை. 2006-இல் இந்தக் குளறுபடி வெளிப்பட்டது; முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. அங்கே கோடிக்கணக்கில் இழப்பு. எங்களுக்கு இழப்பு சிறியது: அந்த ஆர்டர் தப்பியது, அதைத் தொடர்ந்து வரும் என்று எதிர்பார்த்திருந்த ஆர்டர் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

விடுமுறை முடியும் வரை முதலாளி என்னை வேலையில் இருக்கவிட்டார். கடைசி வாரத்தில் அண்ணன் ஒரு வேலை கொடுத்தார்: அடுத்து யார் வந்தாலும் என்னைப் போல் தவறாமல் இருக்க, செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் எழுதியதன் சுருக்கம் இது:

கெடு நெருங்கும் வாரத்தில் பதிப்பு மாற்றாதே. சீரியல் எண், பில், பதிவு முகவரி மூன்றும் நோட்டில் இருக்கின்றனவா என்று பார். பதிவு முகவரி ஆள் பேரில் வேண்டாம். நிறுவனத்தின் பேரில் இருக்கட்டும். பராமரிப்புக் கட்டணம் நடப்பில் உள்ளதா, புதிய பதிப்பு இந்தக் கணிப்பொறியில் ஓடுமா என்று டீலரிடம் முதலில் கேள். கோப்புகளைப் படியெடு. பிறகு பழைய பெட்டியில் உரிமத்தை விடுவி. விடுவித்ததாக வந்த அறிவிப்பைப் படமெடுத்து வை. புதிய பெட்டியில் இயக்கி, ஒரு பழைய வரைபடத்தைத் திறந்து பார்த்து, அச்சும் எடுத்துப் பார். ஆர்டர் கொடுத்தவர்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறதென்று கேள். இத்தனையும் முடிந்து ஒரு வாரம் ஓடிய பிறகே பழைய வட்டைத் துடை.

பெரிய ஆலைகளில் ஏற்பாடு வேறு. நம் கல்லூரியில் படித்து இப்போது அத்தகைய ஆலையொன்றில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் விளக்கினார். அங்கே உரிமங்கள் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். வரைபவர் மென்பொருளைத் திறக்கும்போது ஒன்றை இரவல் வாங்குவார். மூடும்போது அது திரும்பிவிடும். உரிமக் கோப்பு பெரும்பாலும் அந்த சர்வரின் வலையட்டை எண்ணோடு கட்டுண்டிருக்கும். சர்வரை மாற்றினால் கோப்பையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். பதிப்பு உயர்த்தும்போது முதலில் சர்வரில் உள்ள உரிம மேலாளரை உயர்த்த வேண்டும். பிறகுதான் வரைபவர்களின் கணிப்பொறிகளை. தலைகீழாகச் செய்தால் திங்கட்கிழமை காலை ஐம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தோழர்களே! நான் நான்கு பருவங்கள் கணிப்பொறி அறிவியல் படித்துவிட்டுத்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். புதியதை ஏற்றுவது எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தது. பழையதை முறையாக ஒப்படைப்பது எப்படி என்பதை, பழுப்பு அட்டை போட்ட நோட்டு வைத்திருந்த ஒருவரிடம்தான் கற்க வேண்டியிருந்தது. என் தவற்றுக்கு அவர் ஒரு மணி நேரம் எல்லோர் முன்னும் தலைகுனிந்திருந்தார். உரிமத்தை டீலர் அரைமணியில் விடுவித்துவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தை என்னிடமிருந்து விடுவிக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

இன்னும் சில வாரங்களில் நாமும் இக்கல்லூரியிலிருந்து விடைபெறுவோம். நூலகம், ஆய்வகம், விடுதி என்று ஒவ்வோர் இடமாக ‘பாக்கி இல்லை’ என்ற கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாற்றுச் சான்றிதழுக்காக அலுவலகச் சாளரத்தின் முன் வரிசையில் நிற்போம். காகிதத்தை மறந்துவிட்டு வருகிற எவரையும் பார்த்து இம்முறை நான் சிரிக்க மாட்டேன். என் வீட்டுப் பரணில் நம் நூலகத்தின் இரண்டு புத்தகங்கள் முதலாம் ஆண்டிலிருந்து கிடக்கின்றன. நாளைக் காலை முதல் வேலையாக அவற்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கப் போகிறேன்.